வீட்டு மீன்குளத்தில் தூர் வாருவது: கலக்காமல் கசடை எடுக்கும் முறை

தோட்டத்தில் மீன்குளம் வைத்திருப்பவர்கள் மீனைப் பறிகொடுப்பது பெரும்பாலும் குளத்தைச் சுத்தம் செய்த அன்று இரவு, அல்லது மறுநாள் விடியற்காலை. இரண்டு வருஷம் கசடோடு நன்றாக வாழ்ந்த கோய் (அலங்காரக் கெண்டை) மீன்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இறங்கி மண்வெட்டியால் வாரிப் போட்டதும் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம், அடியில் அடங்கிக் கிடந்ததை மீன் மூச்சு விடுகிற தண்ணீரில் கிளப்பிவிட்டது. ஏரியிலும் கண்மாயிலும் தண்ணீர் வற்றிய பிறகுதான் தூர் வாருவார்கள். வீட்டுக் குளத்தில் மீனை வைத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்கிறோம். அதனால் இந்த வேலையின் பாதி, கசடை எடுப்பது. மீதிப் பாதி, அதைக் கலக்காமல் எடுப்பது.

கசடு என்ன என்று முதலில் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஒரு கண்ணாடி பாட்டிலை அடிவரை இறக்கி, கசடோடு பாதி பாட்டில் தண்ணீர் மொண்டு, மூடிக் குலுக்கி, திண்ணையில் அசையாமல் வையுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் அடியில் படிவது மணல். அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் படிவது நுண்ணிய வண்டல். அதற்கும் மேலே தவிட்டு நிறத்தில் பஞ்சு மாதிரி நிற்பது மீன் கழிவும் தின்னாத தீவனமும் செத்த பாசியும். இலை நரம்புகள் தனியாகத் தெரியும். மணல் பாட்டிலில் கால்வாசிக்கு மேல் இருந்தால் கசடு வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம்: மழைத் தண்ணீர் தரையிலிருந்து உள்ளே ஓடுகிறது, அல்லது அல்லித் தொட்டியின் மண்ணைக் கோய் கிண்டி எறிகிறது. பஞ்சு மாதிரியானது அதிகம் என்றால் தீவனம் அதிகம். இந்தப் பாட்டிலைப் பார்க்காமல் குளத்தைச் சுத்தம் செய்தால், ஆறே மாதத்தில் அதே உயரத்துக்குக் கசடு திரும்ப வந்து நிற்கும்.

அடியில் இரண்டு அடுக்கு இருக்கும். மேலே அரை அங்குலத்துக்குத் தவிட்டு நிறம். அங்கே ஆக்சிஜன் எட்டுகிறது, கழிவைத் தின்னும் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. அதற்குக் கீழே மை மாதிரிக் கறுப்பு, விரலில் வழுவழுவென்று ஒட்டும், அழுகிய முட்டை நாற்றம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கலவைதான் அந்தக் கறுப்பு. ஒரு கை அள்ளி ஓட்டுத் துண்டில் மெல்லிசாகப் பரப்பி வைத்தால் சில மணி நேரத்தில் காற்றுப் பட்டுப் பழுப்பாக மாறிவிடும். தண்ணீருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கறுப்புச் சேறு கிளம்பினால், அது பழுப்பாவதற்குத் தேவையான ஆக்சிஜனைக் குளத்துத் தண்ணீரிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். 30 டிகிரி சூட்டில் தண்ணீர் முழுசாக ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். அது 3-க்குக் கீழே இறங்கினால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். இருப்பே இவ்வளவு என்பதால், ஒரு வாளிச் சேற்றைக் கலக்கிவிட்டாலும் சின்னக் குளத்தில் அது தெரியும்.

நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு மீனுக்கு நேரடி விஷம். கூடவே சேற்றில் தேங்கிய அமோனியாவும் வெளியே வரும். இதில் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, முக்கியம். 30 டிகிரியில், பிஎச் 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்குதான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது சுமார் 7 பங்கு, 9 ஆனால் 40 பங்குக்கு மேல். பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் குளத்தில் சாயங்காலம் பிஎச் 9 வரை ஏறி, ராத்திரியில் இறங்கும். அதனால் மத்தியானத்துக்கு மேல் சேற்றைத் தொடக்கூடாது. விடியற்காலையிலும் கூடாது, அப்போது ஆக்சிஜன் தரைமட்டத்தில் இருக்கும். காலை 8 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடித்துவிடுவதுதான் சரியான நேரம்.

மாதம் என்று கேட்டால் தை. பொங்கல் முடிந்து, மழை நின்று, தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். மாசி, பங்குனியில் வேம்பும் நாட்டு வாதாமும் இலை கொட்டுவதற்குமுன் குளம் தயாராகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்து, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை வாரினால் போதும் என்று இருக்காதீர்கள். அங்கே குளிர்காலத்தில் மீன் சாப்பிடுவதே கிடையாது. நம் ஊரில் பன்னிரண்டு மாதமும் சாப்பிட்டுக் கழிகிறது, கசடும் பன்னிரண்டு மாதமும் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் குளத்தைக் காலி செய்யவே வேண்டாம். நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும்போது காலித் தொட்டியின் அடியில் தண்ணீர் முட்டும். சிமெண்ட் தளம் விரிசல் விடும், சில்பாலின் ஷீட் போட்ட குளத்தில் ஷீட் பலூன் மாதிரி உப்பி எழும்.

குளத்தின் கொள்ளளவு தெரியாமல் எந்த மருந்தும், எந்தத் தண்ணீர் மாற்றமும் செய்யக்கூடாது. நீளம், அகலம், தண்ணீர் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 10 அடிக்கு 6 அடி, இரண்டரை அடி ஆழம் என்றால் 150 கன அடி, சுமார் 4,250 லிட்டர். இதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். கசடின் உயரத்தை அளக்க அரை அங்குல பிவிசி பைப் ஒன்று போதும். பைப்பின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்துக் கட்டி மெதுவாக இறக்குங்கள். மூடி மெத்தென்று நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியைக் கழற்றி, தளம் இடிக்கும்வரை குத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசடு. ஆறு ஏழு இடத்தில் அளந்து சராசரி பாருங்கள். சராசரி 3 அங்குலம் வந்தால், 60 சதுர அடிக்கு 15 கன அடி, அதாவது 420 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் வாளியில் 28 வாளி. இதை ஒரே நாளில் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

ஒரு தடவைக்குக் கால் பங்குத் தண்ணீருக்கு மேல் வெளியே போகக்கூடாது. நம் உதாரணத்தில் சுமார் 1,000 லிட்டர். கசடும் அந்தத் தண்ணீரோடுதான் போகும். அதனால் 3 அங்குலக் கசடுக்குப் பத்து நாள் இடைவெளியில் மூன்று நான்கு தடவை என்று திட்டம் போடுங்கள். கடைசியில் கால் அங்குலம் மிஞ்சினால் விட்டுவிடலாம். தளம் பளபளவென்று தெரிய வேண்டும் என்ற ஆசைதான் இந்த வேலையில் நிறையப் பேரைக் கெடுக்கிறது.

நாங்கள் எப்போதும் முதலில் சொல்லும் முறை, சைஃபன்: தண்ணீர் நிரம்பிய குழாயின் ஒரு முனை குளத்திலும் மறுமுனை அதைவிடத் தாழ்விலும் இருந்தால், தண்ணீர் தானாக ஓடும். மின்சாரம் வேண்டாம், மீன் அடிபடாது, கலங்காது. ஒன்றேகால் அங்குல பிவிசி பைப் 5 அடி, அதன் மேல்முனையில் ஓஸ் மாட்ட நிப்பிள், கிளிப், 20 அடி நீளத்துக்கு ஒரு அங்குலப் பச்சை ஓஸ், மறுமுனையில் ஒரு பால் வால்வு. அவ்வளவுதான் சாமான். பைப்பின் கீழ்முனையை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டினால் வாய் தளத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். எடுத்ததும் ‘பக்’ என்று சேற்றைக் கிளப்பும். ஓஸை மெல்லிசாக வாங்காதீர்கள். வளையும் இடத்தில் மடிந்து, இழுப்புப் போய்விடும்.

தொடங்க, வாயால் உறிஞ்சக்கூடாது. அந்தத் தண்ணீர் வாய்க்குள் போனால் என்ன வரும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வால்வை மூடி, ஓஸைக் குழாயில் மாட்டி முழுக்கத் தண்ணீர் நிரப்பி, பைப் முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டே குளத்துக்குள் இறக்கி, பிறகு வால்வைத் திறந்தால் ஓடத் தொடங்கிவிடும். வெளிமுனை குளத்து நீர்மட்டத்துக்கு 3 அடி கீழே இருந்தால் நிமிஷத்துக்கு 35, 40 லிட்டர் போகும். அரை மணி நேரத்தில் அன்றைய 1,000 லிட்டர் முடிந்துவிடும் என்பதை மனதில் வைத்து, கசடு அதிகமாக இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். பம்ப் தள்ளும் தண்ணீர் எங்கே வேகம் குறைகிறதோ அந்த மூலையில்தான் மேடு கட்டியிருக்கும். ஒரு மீன் பைப் வாய்க்குப் பக்கத்தில் வந்தால், அல்லது வாய் தெளிந்த தண்ணீரை இழுத்தால், உடனே வால்வை மூடுங்கள். வால்வு இல்லாமல் செய்கிறவர்கள் பாதித் தண்ணீரை வீணாகத்தான் விடுகிறார்கள்.

பைப்பைப் பிடிக்கும் பக்குவம் கொஞ்சம் பழகினால் வரும். வாயை மேல் அடுக்குக்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்தி, கசடு தானாகச் சரிந்து உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, உழுவது மாதிரி நேர்கோட்டில் மெதுவாக நகர்த்துங்கள். ஒரு சாண் நகர ஐந்தாறு விநாடி. வாயைச் சுற்றிப் புகை மாதிரிப் பழுப்பாகக் கிளம்பினால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். அப்படியே நிறுத்தி, அந்தப் புகையைப் பைப் உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருங்கள். ஓஸில் ஓடும் தண்ணீர் கறுப்பிலிருந்து பழுப்பாகி, தெளிந்தால் அந்த வரிசை முடிந்தது. குளத்துக்குள் கால் வைக்கவே கூடாது. ஒரு அடி எடுத்து வைத்தால் ஒரு வாளிச் சேறு கிளம்பும். நடுப்பகுதிக்கு எட்டாவிட்டால் பைப்பை 8 அடியாக மாற்றுங்கள், அல்லது குளத்தின்மேல் குறுக்கே பலகை போட்டு உட்காருங்கள்.

இதற்கு முந்தைய நாளே இரண்டு வேலை முடிந்திருக்க வேண்டும். ஒன்று, முழு இலைகளை வலையால் எடுத்துவிடுவது. ஒரே ஒரு மாவிலைக் காம்பு பைப் வாயில் குறுக்கே மாட்டினாலும் பத்து நிமிஷம் போய்விடும். வலையை அடியில் போட்டு இழுக்காதீர்கள். இலையின் ஓரத்தில் நுழைத்துத் தூக்குங்கள். இன்னொன்று, தீவனத்தை நிறுத்துவது. ஒரு நாள், ஒன்றரை நாள் பட்டினி மீனுக்கு ஒன்றும் செய்யாது. வயிறு காலியாக இருந்தால் ஆக்சிஜன் தேவை குறையும், அமோனியாவும் குறையும். ஏர் பம்ப் முதல் நாள் ராத்திரியிலிருந்தே ஓட வேண்டும், வேலை முடிந்த பிறகும் இரண்டு ராத்திரி நிற்கக்கூடாது. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்து வையுங்கள். பாட்டரி ஏர் பம்ப் ஒன்று இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஏர் பம்ப் குழாயின் நுனியில் குமிழி விடும் கல்லான ஏர் ஸ்டோனைத் தளத்தில் போடவும் வேண்டாம். அதன் குமிழியே சேற்றைக் கிளப்பும். பாதி ஆழத்தில் தொங்கவிடுங்கள்.

நிலமட்டத்துக்குக் கீழே தோண்டிய குளத்துக்கு, ஓஸின் வெளிமுனையை வைக்கத் தாழ்வான இடம் இருக்காது. அதற்காக மட் பம்பை நேரே குளத்தில் இறக்குகிறார்கள். அரை எச்பி மட் பம்ப் நிமிஷத்துக்கு 150, 200 லிட்டர் தள்ளும்; ஐந்தாறு நிமிஷத்தில் அன்றைய தண்ணீர் போய்விடும், கசடு அப்படியே இருக்கும். சின்ன மீன் பம்புக்குள் போய்விடும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. குளத்துக்குப் பக்கத்தில் மூன்றடி ஆழக் குழி வெட்டி, அதில் ஒரு 200 லிட்டர் டிரம்மை இறக்குங்கள். சைஃபன் அந்த டிரம்முக்குள் ஓடட்டும். மட் பம்ப் டிரம்முக்குள் கிடந்து அதை மேலே தள்ளட்டும். மீனும் பம்பும் சந்திக்கவே சந்திக்காது. டிரம்மில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறவிடாதீர்கள், ஏறினால் சைஃபன் மந்தமாகிவிடும்.

ஈரம் இழுக்கும் வாக்குவம் கிளீனரை 1,000 லிட்டருக்கு உட்பட்ட சின்னத் தொட்டிக்குப் பயன்படுத்தலாம். பெரிய குளத்தில் 25 லிட்டர் தொட்டி ஒரு நிமிஷத்துக்குள் நிரம்பி, காலி செய்வதே வேலையாகிவிடும். எந்த மின்சாதனமாக இருந்தாலும், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். குளத்துக்குள் கை விடுமுன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

எடுத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டித் திரும்பக் குளத்திலேயே விடலாமா என்று தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊர்களில் கேட்கிறார்கள். வேண்டாம். துணி சேற்றைத்தான் நிறுத்தும், கரைந்திருக்கும் அமோனியாவை நிறுத்தாது. தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சிவிடுங்கள். அந்தத் தண்ணீர் வீணாகவில்லை.

குளத்தை முழுக்கக் காலி செய்தே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. கசடு அரை அடிக்கு மேல், தளத்தில் கசிவு, அல்லது எப்படியோ உள்ளே வந்துவிட்ட ஜிலேபி மீனையோ கெளுத்தியையோ வெளியே எடுக்க வேண்டும். அப்போது முதல் வேலை, சேற்றைத் தொடுமுன் மேல்தண்ணீரைச் சேமிப்பது. ஒரு அடி நீளக் கோய் ஐந்து இருந்தால் 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்று, நல்ல ஏர் பம்போடு, அரை நாளுக்குத் தாங்கும். தொட்டி நிழலில் இருக்க வேண்டும். மேலே வலை கட்டாயம். புது இடத்தில் விட்ட முதல் அரை மணி நேரத்தில் கோய் துள்ளும், மூடாத தொட்டிக்கு வெளியே விழும். கோயை வலையால் தூக்காமல், அகலமான பிளாஸ்டிக் தொட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கி, வலையால் அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள். செதிலும் மேல்வழுவழுப்பும் போகாமல் இருந்தால்தான் பிறகு புண் வராது.

பில்டரையும் அந்தத் தொட்டியிலேயே ஓட விடுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள். ஓட்டம் நின்ற பில்டருக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். சாயங்காலம் பம்பைப் போட்டதும் அந்த அழுகல் மொத்தமும் குளத்தில் கொட்டும். கசடு எடுக்கும் வாரத்தில் பில்டர் பஞ்சைக் கழுவவும் வேண்டாம். பத்து நாள் கழித்துக் கழுவினால் போதும், அதுவும் குளத்துத் தண்ணீரில்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் அந்தப் பஞ்சு வெறும் பஞ்சாகிவிடும்.

காலியான குளத்தில் இறங்கும்போது கம் பூட்ஸ், முழங்கை வரை ரப்பர் கையுறை. கால் கையில் வெட்டு இருந்தால் இறங்காதீர்கள். எலி நடமாடும் தோட்டத்தில் எலிக்காய்ச்சல் இப்படித்தான் வருகிறது. சேற்றுக்குள் வெறுங்கையால் துழாவவும் கூடாது. உடைந்த கண்ணாடி இருக்கும், சில சமயம் தண்ணீர்ப் பாம்பு இருக்கும். அதற்கு விஷம் இல்லை, ஆனால் கடிக்கும்; ஓரமாகப் போக வழி விட்டால் போய்விடும். சேற்றை வார, சிமெண்ட் குளமானால் பாண்டு சட்டியும் ரப்பர் வைப்பரும். ஷீட் போட்ட குளமானால் பிளாஸ்டிக் முறம் மட்டும். மண்வெட்டி நுனி ஒரு தடவை ஷீட்டில் பட்டால் அந்தக் கசிவைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுவரில் பச்சையாக, வெல்வெட் மாதிரி ஒட்டியிருக்கும் பாசியைத் தேய்க்காதீர்கள். பில்டருக்கு அடுத்தபடி நல்ல பாக்டீரியா இருப்பது அங்கேதான். பிளீச்சிங் பவுடர், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது.

தளத்தில் அழகுக்காகப் போட்ட கூழாங்கல் இருந்தால் இந்தச் சந்தர்ப்பத்தில் வாரி எடுத்துவிடுங்கள். கல்லிடுக்கில் போன கழிவைச் சைஃபனால் எடுக்கவே முடியாது. இரண்டு அங்குலக் கூழாங்கல் போட்ட குளத்தில், மேலே சுத்தமாகத் தெரியும், கீழே முழுக்கக் கறுப்பாக இருக்கும்.

அல்லித் தொட்டிகளை வெளியே எடுத்து, இலைமேல் ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வையுங்கள். கிழங்கு நெருக்கமாக இருந்தால் பிரித்து நட இதுதான் நேரம். திரும்ப வைக்கும்போது களிமண்ணுக்கு மேலே, மீன் வாய்க்குள் போகாத அளவு கல்லை ஒரு அடுக்குப் பரப்பினால், கோய் மண்ணைக் கிண்டுவது நின்றுவிடும். பாட்டிலில் பார்த்த மணலில் பாதி இதிலேயே குறையும்.

இனி நிரப்புவது. லாரித் தண்ணீரிலும் நகராட்சித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். அதை முறிக்க ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 1,000 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம் வேண்டும்; 10 கிராமாகவே போடுங்கள், கொஞ்சம் கூடினால் தீங்கில்லை. லாரித் தண்ணீரில் குளோரின் ஒரே அளவாக இருக்காது, அதனால் சோதனைச் சொட்டை விட்டுப் பார்த்துக் கணக்கிடுங்கள். ஹைப்போவைக் கரைத்து முதலில் குளத்தில் ஊற்றிவிட்டு, பிறகு தண்ணீர் விடுங்கள். தண்ணீர் விட்டபின் போட்டால் அதற்குள் செவுள் வெந்திருக்கும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆக்சிஜனும் மிகக் குறைவு. ஓஸ் முனையில் ஷவர் மாட்டி, மேலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மத்தியானத்தில் திறக்கவே கூடாது, கை சுடும் சூட்டில் இருக்கும். குளத்துக்கும் புதுத் தண்ணீருக்கும் 2, 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். 1,000 லிட்டரை இரண்டு மூன்று மணி நேரத்தில் நிதானமாக விடுங்கள்.

அன்று தீவனம் இல்லை. மறுநாள் பாதி. மூன்று நாளைக்கு விடியற்காலை 5 மணிக்கு ஒரு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். மீன் எல்லாம் மேலே வந்து, தண்ணீர் விழும் இடத்தில் கூட்டமாக வாய் பிளந்து நின்றால் ஆக்சிஜன் பற்றவில்லை, காற்றைக் கூட்டுங்கள். செவுள் வேகமாக அடித்துக்கொண்டு, துடுப்பை ஒடுக்கி அடியில் சோர்ந்து கிடந்தால் அமோனியாவைச் சோதியுங்கள். காட்டினால் கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். முழுக்கக் காலி செய்து நிரப்பிய குளத்தில் முதல் மூன்று நான்கு வாரம் அமோனியாவும், பாக்டீரியா அதை மாற்றும்போது வரும் இன்னொரு விஷமான நைட்ரைட்டும் ஏறி இறங்கும். 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்புப் போட்டால் நைட்ரைட்டின் கெடுதல் குறையும். அல்லி அந்த அளவைத் தாங்கும், 3 கிலோ போட்டால் தாங்காது.

ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டதே என்று பதறி மறுபடியும் மாற்றுகிறவர்கள் உண்டு. சேற்றிலிருந்து வெளிவந்த உரச்சத்தைப் பாசி தின்கிறது, அவ்வளவுதான். நீர்ப்பரப்பில் பாதிக்கு அல்லி இலையோ நிழல்வலையோ இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். தேற்றான்கொட்டையும் படிகாரமும் தண்ணீரைத் தெளியவைக்கும் என்பது உண்மை. ஆனால் மிதப்பதைக் கீழே இறக்கித்தான் தெளியவைக்கின்றன. அது அடியில் போய் இன்னொரு அடுக்குக் கசடாகிறது. படிகாரம் பிஎச்சையும் சட்டென்று இறக்கிவிடும். குடிதண்ணீர்க் குடத்துக்கு நல்லது மீன்குளத்துக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை. கசடைத் தின்னும் பாக்டீரியாப் பொடி விஷயமும் கேட்பார்கள். அரை அங்குலம் மிஞ்சிய பஞ்சுக் கசடில், காற்று நன்றாக ஓடும்போது, வேலை செய்கிறது. மணலை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. அரை அடிச் சேறு கிடக்கும் குளத்தில் ஏர் பம்ப் இல்லாமல் ராத்திரியில் பொடியைக் கொட்டினால், அது ஆக்சிஜனுக்குத்தான் போட்டி போடும்.

திரும்பச் சேராமல் இருக்க மூன்று விஷயங்கள் கைகொடுக்கின்றன; மற்றதெல்லாம் பிறகுதான். குளத்தின் விளிம்பு சுற்றுத்தரையைவிட ஆறு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். மாசி முதல் சித்திரை வரை மேலே இலைவலை கட்ட வேண்டும். வேப்பம்பூ விழும் வீட்டில் அதன்மேல் கொசுவலைத் துணியும் வேண்டும், பூ சாதாரண வலைக்கண்ணில் புகுந்துவிடும். தீவனம் மூன்று நான்கு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுக்குமேல் ஒரு உருண்டை கூடப் போகக்கூடாது. கோயில் குளத்தில் போடுவதுபோல் வீட்டிலும் பொரி போடுகிறார்கள், விருந்தாளி வந்தால் பிரெட் போடுகிறார்கள். ஊறிப்போன பொரி ஒரு மணி நேரத்தில் அடியில்தான் கிடக்கும்.

புதிதாகக் கட்டுகிறவர்களாக இருந்தால், தளத்தை நடுவை நோக்கிச் சரித்து, 4 அங்குலக் குழாயில் அடி வடிகாலை வைத்துவிடுங்கள். பழைய குளத்துக்கு, பில்டருக்கு முன்னால் ஒரு 200 லிட்டர் டிரம் சேர்த்தாலே போதும். தண்ணீர் டிரம்முக்குள் கீழ்ப்பாதியில், சுவரை ஒட்டிச் சுழலும்படி நுழைந்து, மேலிருந்து வெளியே போக வேண்டும். மணிக்கு 2,000 லிட்டர் ஓட்டத்தில் தண்ணீர் அதில் ஆறு நிமிஷம் தங்கும், கனமான கழிவு அடியில் இறங்கிவிடும். அடியில் இரண்டு அங்குல வால்வு வைத்து, வாரம் ஒரு தடவை பத்து விநாடி திறந்துவிடுங்கள். காப்பி டிகாஷன் மாதிரி வருவதைப் பார்த்தால் இத்தனை நாள் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது தெரியும். இதற்கு மேல், ஆழமான மூலையில் வாரத்துக்கு ஒரு நாள் பத்து நிமிஷம் சைஃபன் போட்டால் வருஷாந்திரத் தூர்வாரலே தேவைப்படாது.

வெளியே எடுத்த சேற்றை ஈரத்தோடு செடிக்குப் போடாதீர்கள். ஈ மொய்க்கும், வேர் மூச்சு முட்டும், நாற்றம் அண்டை வீட்டுக்குப் போகும். ஒரு மூலையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் காயவிட்டால் வெடித்து ஓடு ஓடாக வரும், நாற்றம் போய்விடும். உடைத்துத் தென்னை, மா, வாழைப் பாத்திகளில் மண்ணோடு கிளறிவிடலாம். சமீபத்தில் உப்போ மருந்தோ அதிகம் போட்ட குளத்துச் சேறு காய்கறிக்கு வேண்டாம். அதில் ஆகாயத்தாமரைத் துண்டுகள் கலந்திருந்தால் முழுக்கக் காய்ந்து கருகும்வரை விடுங்கள், வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள். தற்காலிகமாக மீன் வைத்த தொட்டிகளையும் அன்றைக்கே கவிழ்த்து வையுங்கள், அடியில் நிற்கும் நாலு விரற்கடைத் தண்ணீரில் ஒரு வாரத்தில் கொசுப்புழு நெளியும்.